ஆறு இலக்கங்களைக் காக்கும் நிரலர்கள்

2024 ஜனவரி 9-ஆம் தேதி, அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஹண்ட்ஸ்வில் நகரத்துச் செல்போன் கடை ஒன்றுக்குள் ஓர் இளைஞர் நுழைந்தார். கையில் இருந்த அடையாள அட்டையில் வேறொருவரின் பெயர். அட்டையை அச்சிட்டதே அவர்தான். போன் உடைந்துவிட்டது, அதே எண்ணுக்குப் புது சிம் வேண்டும் என்றார். கிடைத்தது. அங்கிருந்து ஆப்பிள் கடைக்குப் போய் ரொக்கம் கொடுத்து ஒரு ஐபோன் வாங்கி, சிம்மைப் பொருத்தினார். கொஞ்ச நேரத்தில் அந்தப் போனுக்குச் சில இலக்கங்கள் கொண்ட குறுஞ்செய்தி வந்தது. அதைக் கூட்டாளிகளுக்கு அனுப்பிவிட்டார். அமெரிக்கப் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் எஸ்இசி ஆணையத்தின் எக்ஸ் தளக் கணக்கு அவர்கள் கைக்குப் போனது. பிட்காயின் நிதித் திட்டங்களுக்கு அனுமதி கிடைத்துவிட்டதாக அதில் ஒரு பொய்ப் பதிவு போட்டார்கள். பிட்காயின் விலை 1,000 டாலருக்கு மேல் எகிறி, பதிவு போலி என்று தெரிந்ததும் 2,000 டாலருக்கு மேல் சரிந்தது.

ஆணையத்தின் கணினிகளுக்குள் யாரும் புக வேண்டிய தேவையே இருக்கவில்லை. ஒரு தொலைபேசி எண் கைமாறியதே போதுமானதாக இருந்தது.

சிம் ஸ்வாப் என்ற இந்த மோசடி இந்தியாவுக்கும் புதிதல்ல. போனில் திடீரென்று சிக்னல் காணாமல் போகும். டவர் பிரச்சினை என்று நினைத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் வங்கியின் ஓடிபி வேறொருவர் போனுக்குப் போய்க்கொண்டிருக்கும். குறுஞ்செய்தியில் வரும் எண் சிம் கார்டைத் தேடிப் போகிறதே ஒழிய ஆளைத் தேடிப் போவதில்லை. அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட், 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே குறுஞ்செய்தி வழிச் சரிபார்ப்பை எச்சரிக்கையோடு பயன்படுத்த வேண்டிய முறைகளின் பட்டியலில் சேர்த்துவிட்டது.

இதற்கு மாற்றாக, போனுக்குள்ளேயே எண்ணை உருவாக்கும் செயலிகள் இருக்கின்றன. 2022 செப்டம்பர் 30 முதல் பங்கு வர்த்தகக் கணக்குகளில் நுழைய இரட்டைச் சரிபார்ப்பு இந்தியாவில் கட்டாயமானபோது, அதுவரை இந்தச் செயலிகளைக் கேள்விப்பட்டிராத பலருக்கும் ‘டிஓடிபி’ என்ற சொல் அறிமுகமானது. ஒரு க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் போதும், முப்பது விநாடிக்கு ஒரு முறை ஆறு இலக்க எண் மாறிக்கொண்டே இருக்கும். சிம் இல்லாமலும் இணையம் இல்லாமலும் வேலை செய்யும். இந்த வேலையைச் செய்யும் செயலிகளில் சிலவற்றை, காசு வாங்காமல், மூல நிரலை உலகமே படிக்கும்படி வைத்து, மாலை நேரங்களிலும் விடுமுறை நாட்களிலும் எழுதிக் கொடுப்பவர்கள் தன்னார்வ நிரலர்கள். அவர்களுடைய வேலையில் எழுதுவது சிறு பகுதி. எழுதியதைப் பல ஆண்டுகளுக்கு உயிரோடு வைத்திருப்பதுதான் பெரும் பகுதி.

முதலில் அந்த ஆறு இலக்கம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். எந்த மாயமும் இதில் இல்லை. க்யூஆர் கோடுக்குள் ஓர் இரகசிய எண் இருக்கிறது. ஸ்கேன் செய்யும் நொடியில் அந்த எண் போனுக்கு வந்துவிடுகிறது. இணையதளத்தின் சேவையகத்திலும் அதே எண் இருக்கிறது. அதன் பிறகு இருவருக்கும் பேச்சுவார்த்தையே தேவையில்லை. 1970 ஜனவரி 1 முதல் இன்றுவரை எத்தனை விநாடிகள் கடந்தன என்று கணக்கிட்டு, முப்பதால் வகுத்து, கிடைக்கும் எண்ணையும் இரகசிய எண்ணையும் ஒரு கணிதச் சூத்திரத்தில் போட்டு அரைக்கிறார்கள். இரு பக்கமும் ஒரே இரகசியம், ஒரே நேரம், ஆகவே ஒரே விடை.

சூத்திரத்தின் பொது வடிவத்தை 2005 டிசம்பரில் ஆர்எஃப்சி 4226 என்ற ஆவணம் வரையறுத்தது. அதை எழுதிய ஐவரில் கணினி அறிவியலாளர் மிஹிர் பெல்லாரேவும் ஒருவர். கடிகார நேரத்தை வைத்து இயங்கும் இன்றைய வடிவம் 2011 மே மாதம் ஆர்எஃப்சி 6238 ஆக வந்தது. இரண்டும் யார் வேண்டுமானாலும் படிக்கக்கூடிய பொது ஆவணங்கள். முதல் ஆவணத்தில் ஓர் உதாரணக் கணக்கு இருக்கிறது, பொறுமையாகப் பார்த்தால் அழகானது. அரைத்து முடித்ததும் இருபது எண்கள் வரிசையாகக் கிடைக்கின்றன. ஒவ்வொன்றும் 0-க்கும் 255-க்கும் இடைப்பட்டது. உதாரணத்தில் கடைசி எண் 90. அதைப் பதினாறால் வகுத்தால் மீதி 10. ஆகவே, வரிசையைப் பூஜ்யத்திலிருந்து எண்ணிப் பத்தாம் இடத்துக்குப் போக வேண்டும். அங்கிருந்து அடுத்தடுத்து நான்கு எண்கள்: 80, 239, 127, 25. இந்த நான்கையும் 256-ஐ அடியாகக் கொண்ட ஒரே எண்ணாகச் சேர்த்தால் 1,35,78,72,921 வருகிறது. அதன் கடைசி ஆறு இலக்கம் 872921. திரையில் தெரிவது அதுதான். எந்த இடத்திலிருந்து எடுப்பது என்பதையும் விடையே தீர்மானிக்கிறது.

இந்தக் கணக்கை நிரலாக எழுதக் கல்லூரி மாணவர் ஒருவருக்கு ஒரு மாலை போதும். அதனால்தான் செயலிக் கடைகளில் இப்படிப்பட்ட செயலிகள் மலிந்து கிடக்கின்றன. ஆனால், எண்ணை உருவாக்குவதோடு வேலை முடிவதில்லை. ஒருவரின் மின்னஞ்சல், பங்குக் கணக்கு, அலுவலகக் கணினி அத்தனைக்கும் உரிய இரகசியங்கள் அந்தச் செயலிக்குள் குவிந்திருக்கின்றன. அவற்றை எங்கே, எப்படிப் பூட்டி வைத்திருக்கிறார்கள்? போன் தொலைந்தால் மீட்க முடியுமா? செயலி யாருக்காவது எதையாவது அனுப்புகிறதா? மூல நிரல் மூடியிருந்தால் இந்தக் கேள்விகளுக்கு நிறுவனத்தின் வாக்குறுதி மட்டுமே பதில்.

கூகுள் ஆத்தென்டிகேட்டர் 2010-இல் வந்தபோது அதன் நிரல் திறந்துதான் இருந்தது. சில ஆண்டுகளில் கூகுள் அதை மூடிக்கொண்டது. திரையில் தெரியும் எண்களைப் பிற செயலிகள் படம் பிடிக்க முடிகிறது, அதைத் தடுக்க வேண்டும் என்று 2014-லேயே பொதுவில் ஒருவர் சுட்டிக்காட்டினார். ஆண்ட்ராய்டில் ஒரு சிறு குறியீட்டைச் சேர்த்தால் தீரும் சிக்கல் அது. 2020 பிப்ரவரியில், செர்பரஸ் என்ற வங்கித் திருட்டு நிரல் ஆத்தென்டிகேட்டர் எண்களையே களவாடும் திறனைப் பெற்றுவிட்டதாகத் த்ரெட்ஃபேப்ரிக் நிறுவனம் அறிவித்தபோதுதான், அந்தப் பழைய புகார் இன்னும் தீராமல் கிடப்பது ஊடகங்களின் கண்ணில் பட்டது.

2023 ஏப்ரலில் கூகுள் இன்னொரு வசதியைச் சேர்த்தது. எண்களின் இரகசியங்கள் கூகுள் கணக்கில் தானாகச் சேமிக்கப்படும். போன் மாறினால் கவலை இல்லை. கேட்க நன்றாகத்தான் இருந்தது. சில நாட்களிலேயே மிஸ்க் என்ற ஆய்வுக் குழு, அந்த இரகசியங்கள் முனைக்கு முனை குறியாக்கம் இல்லாமல் போகின்றன என்று காட்டியது. அதே ஆண்டு ஆகஸ்டில் ரீடூல் என்ற மென்பொருள் நிறுவனத்தில் இதன் விளைவு தெரிந்தது. ஊழியர் ஒருவருக்குப் போலிக் குறுஞ்செய்தி அனுப்பி, அலுவலகத்து ஐடி பிரிவில் இருப்பவரின் குரலில் போலியாகப் பேசி, அவரது கூகுள் கணக்கைத் திருடர்கள் பிடித்தார்கள். அந்தக் கணக்கோடு அவர் சேமித்திருந்த எல்லா இரட்டைச் சரிபார்ப்பு எண்களும் கூடவே போயின. கிரிப்டோ துறையைச் சேர்ந்த 27 வாடிக்கையாளர்களின் கணக்குகள் பாதிக்கப்பட்டன. இரண்டு பூட்டு என்று நம்பியிருந்தது ஒரே சாவியில் திறந்தது என்பதை நிறுவனமே தன் அறிக்கையில் ஒப்புக்கொண்டு விளக்கியது.

இந்த இடத்தில்தான் நிரலைத் திறந்து வைத்திருக்கும் கட்டற்ற செயலிகளின் அருமை விளங்குகிறது. ஆண்ட்ராய்டுக்கான ஏஜிஸ் அவற்றில் நன்கு அறியப்பட்ட ஒன்று. பீம் டெவலப்மென்ட் என்ற பெயரில் இயங்கும் மிகச் சிறிய குழுவின் படைப்பு. ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு உரிமத்தில் வெளிவருகிறது. நிரலை யாரும் படிக்கலாம், மாற்றலாம், மாற்றியதையும் அதே உரிமத்தில் பிறருக்குக் கொடுக்கலாம். விளம்பரம் கிடையாது, கட்டணம் கிடையாது. இணைய அனுமதியையே இந்தச் செயலி கேட்பதில்லை. வெளியே எதையும் அனுப்பமாட்டோம் என்று வாக்குக் கொடுப்பது ஒன்று. அனுப்பும் வழியையே வைத்துக்கொள்ளாமல் இருப்பது வேறொன்று. இரண்டாவதை எவரும் போனின் அனுமதிப் பட்டியலில் தாமே சரிபார்த்துக்கொள்ளலாம்.

அதன் பெட்டகம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதைத் தனி ஆவணமாகவே நிரலோடு சேர்த்து வைத்திருக்கிறார்கள். இரகசியங்கள் எல்லாம் ஒரு தலைமைச் சாவியால் ஏஇஎஸ்-256 என்ற குறியாக்க முறையில் பூட்டப்படுகின்றன. அந்தத் தலைமைச் சாவி குருட்டாம்போக்கில் உருவாக்கப்பட்டது. யார் நினைவிலும் இருக்காது. பயனரின் கடவுச்சொல்லிலிருந்து இன்னொரு சாவியை வடித்து, தலைமைச் சாவியை அதற்குள் பூட்டுகிறார்கள். கைரேகைக்கு வேறொரு சாவி. அதற்குள்ளும் தலைமைச் சாவியின் ஒரு பிரதி. கடவுச்சொல்லை மாற்றினால் பெட்டகம் முழுவதையும் மறுபடி பூட்ட வேண்டாம், தலைமைச் சாவியின் உறையை மாற்றினால் போதும்.

கடவுச்சொல்லிலிருந்து சாவியை வடிக்கும் முறைக்கு ஸ்க்ரிப்ட் என்று பெயர். காலின் பெர்சிவல் 2009-இல் வடிவமைத்தது. வேண்டுமென்றே நினைவகத்தை விழுங்கும்படி செய்யப்பட்டது. ஏஜிஸ் அமைத்திருக்கும் அளவில், ஒரே ஒரு கடவுச்சொல்லைச் சோதிக்க 32 எம்பி நினைவகம் பிடிக்கும். போனின் உரிமையாளருக்கு இது ஒரு கணத் தாமதம். திருடிய பெட்டகத்தை வைத்துக்கொண்டு விநாடிக்கு லட்சக்கணக்கில் கடவுச்சொற்களை முயன்று பார்க்க நினைப்பவருக்கோ இது பெரும் சுமை. 123456 என்று வைத்திருப்பவரை எந்தச் சூத்திரமும் காப்பாற்றாது, அது வேறு கதை.

சின்னச் சின்ன விஷயங்களிலும் யோசனை தெரிகிறது. திரையைப் படம் பிடிப்பது தொடக்கத்திலேயே தடுக்கப்பட்டிருக்கிறது. தினமும் கைரேகையால் திறப்பவர் கடவுச்சொல்லை மறந்துவிடுவார் என்பதால், அவ்வப்போது வேண்டுமென்றே கடவுச்சொல்லைக் கேட்கும். காப்புப்பிரதி எடுப்பதில் கோளாறு வந்தால் முகப்பிலேயே எச்சரிக்கும். பூட்டில்லாத கோப்பாக யாராவது ஏற்றுமதி செய்தால், அந்தக் கோப்பை அழித்துவிட்டீர்களா என்று நினைவூட்டும். இவற்றில் எதுவும் கணிதத்திலிருந்து வந்ததல்ல. மனிதர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பதைப் பார்த்துப் பார்த்துச் சேர்த்தவை.

சரி, செயலி வந்துவிட்டது, மக்கள் நம்பிப் பயன்படுத்துகிறார்கள். இனி என்ன வேலை?

காலடியில் தரை நகர்ந்துகொண்டே இருக்கிறது, அதுதான் வேலை. கூகுள் ஆண்டுக்கு ஒரு முறை ஆண்ட்ராய்டின் புதிய பதிப்பை வெளியிடுகிறது. புதிய பதிப்பின் விதிகளுக்கு ஏற்பச் செயலியைத் திருத்தி அனுப்பாவிட்டால் ப்ளே ஸ்டோரில் அப்டேட் செய்ய முடியாது; ஆண்டுதோறும் ஆகஸ்டை ஒட்டிக் கெடு வரும். ஆண்ட்ராய்டு 10, 11 பதிப்புகளில் கோப்புகளைச் சேமிக்கும் முறையையே மாற்றினார்கள். தனியுரிமைக்கு நல்லதுதான். ஆனால், காப்புப்பிரதியைக் கோப்புறையில் எழுதி வைக்கும் ஒவ்வொரு செயலியின் நிரலரும் அந்தப் பகுதியை மறுபடி எழுத வேண்டியிருந்தது. பெரிய நிறுவனத்தில் இதற்கென்று ஆட்கள் உண்டு. தன்னார்வலருக்கு அது அவருடைய ஞாயிற்றுக்கிழமை. சாதனங்களுக்கிடையே கோப்புகளை ஒத்திசைக்கப் பலரும் நம்பியிருந்த சின்க்திங் செயலியின் ஆண்ட்ராய்டு பதிப்பு 2024 டிசம்பரில் நிறுத்தப்பட்டபோது, அதன் பராமரிப்பாளர் சொன்ன காரணங்களில் முக்கியமானது ப்ளே ஸ்டோரில் வெளியிடுவதில் உள்ள பாடு.

போன் தயாரிப்பாளர்கள் வேறு. ஒரே ஆண்ட்ராய்டு, ஒவ்வொரு கம்பெனியிலும் ஒவ்வொரு குணம். ஒன்றில் கைரேகை சரியாக வேலை செய்யும். இன்னொன்றில் சிஸ்டம் அப்டேட்டுக்குப் பிறகு சாவிகள் செல்லாமல் போகும். வேறொன்றில் பேட்டரியை மிச்சப்படுத்துகிறேன் என்று பின்னணி வேலையை நிறுத்திவிடுவார்கள். புகார் மட்டும் செயலி எழுதியவருக்கு வரும். அந்த மாடல் போன் அவர் கையில் இருக்காது. பார்க்காத போனில் நிகழும் பிழையை, பயனர் எழுதும் நான்கு வரியிலிருந்து ஊகித்துத் திருத்த வேண்டும்.

புதிய தாக்குதல்களும் ஓய்வதில்லை. 2025 அக்டோபரில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ‘பிக்ஸ்நாப்பிங்’ என்ற உத்தியை வெளியிட்டார்கள். எந்த அனுமதியும் கேட்காத ஒரு செயலி, திரையில் வரையப்படும் புள்ளிகளின் நேர வேறுபாட்டை அளந்து, ஆத்தென்டிகேட்டரின் ஆறு இலக்கத்தை முப்பது விநாடிக்குள் பிக்சல் போன்களில் படித்துக் காட்டியது. திரையைப் படம் பிடிப்பதைத் தடுக்கும் குறியீடு இதன் முன் போதாது. ஓட்டை ஆண்ட்ராய்டின் அடித்தளத்தில் இருக்கும்போது செயலி எழுதுபவர் தன்னளவில் செய்யக்கூடியது கொஞ்சமே. எண்ணைத் தொட்டால் மட்டும் காட்டுவது போன்ற வசதிகள் எண் திரையில் இருக்கும் நேரத்தைக் குறைக்கின்றன.

வெளியில் தெரியாத இன்னொரு பொறுப்பு, கையொப்பச் சாவி. ஒவ்வொரு ஆண்ட்ராய்டு செயலியும் அதை உருவாக்கியவரின் மின்னணுக் கையொப்பத்தோடு வருகிறது. அதே கையொப்பம் இருந்தால்தான் பழையதன் மேல் புதியது ஏறும். அந்தச் சாவி திருடுபோனால், திருடியவர் தயாரிக்கும் போலி அப்டேட்டையும் போன் உண்மையானது என்றே ஏற்கும். தொலைந்துபோனால் இனி யாராலும் அப்டேட் கொடுக்க முடியாமல் போகலாம். ஏஜிஸ் குழு தங்கள் கையொப்பத்தின் அடையாள எண்ணைப் பொதுவில் வெளியிட்டிருக்கிறது. இறக்கிய கோப்பு அசல்தானா என்று எவரும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். 2010 முதல் இயங்கும் எஃப்-ட்ராய்டு என்ற கட்டற்ற செயலிக் கடை இன்னும் ஒரு படி மேலே போகிறது. நிரலர் கொடுக்கும் தயார்நிலைக் கோப்பை அப்படியே வாங்காமல், மூல நிரலிலிருந்து தானே செயலியைக் கட்டுகிறது. வெளியிட்ட நிரலும் போனில் ஓடும் செயலியும் ஒன்றுதானா என்ற சந்தேகத்துக்கு இது நல்ல விடை. எஃப்-ட்ராய்டு பெரும்பாலும் தன் கையொப்பத்தையே இடுவதால், அங்கிருந்து இறக்கியதன் மேல் ப்ளே ஸ்டோர் பதிப்பு ஏறாது என்பது ஒரு சிறு சிரமம்.

எல்லாவற்றையும்விடக் கனமானது, கடவுச்சொல்லை மறந்தவருக்குப் பதில் சொல்வது. பெரிய நிறுவனமாக இருந்தால் மீட்டுத் தரும் வழி ஏதாவது வைத்திருப்பார்கள். இங்கே சேவையகமே கிடையாது. பெட்டகம் பயனரின் போனில் மட்டும் இருக்கிறது, சாவி அவர் மனதில் மட்டும் இருக்கிறது. உதவி கேட்டு வருபவரிடம், நிரலை எழுதியவரே ஆனாலும், எங்களால் திறக்க முடியாது என்றுதான் சொல்ல முடியும். திறக்க முடிந்தால் திருடனாலும் முடியும். நியாயம் புரிந்தாலும், கணக்கை இழந்து நிற்பவரிடம் அதைச் சொல்வது எளிதல்ல.

இத்தனைக்கும் நடுவே மனிதர்கள் களைத்துப் போகிறார்கள். ஏஜிஸுக்கு முன்பே புகழ்பெற்றிருந்த ஆண்ட்ஓடிபி அப்படித்தான் முடிந்தது. வேறொருவர் எழுதிக் கட்டற்றதாக விட்டிருந்த செயலியை எடுத்து, ஒருவர் வளர்த்தெடுத்த செயலி அது. 2022-இல் இனிப் பராமரிப்பு இல்லை என்று அறிவித்து நிரற்கிடங்கைப் பூட்டினார். பயனர்கள் நடுத்தெருவில் நிற்கவில்லை. ஆண்ட்ஓடிபி தன் இரகசியங்களைக் கோப்பாக ஏற்றுமதி செய்ய விட்டது. ஏஜிஸ் அந்தக் கோப்பை வாங்கிக்கொள்ளும். சில நிமிடங்களில் குடிபெயர்ந்துவிட முடிந்தது. வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, வெளியேறும் கதவையும் திறந்து வைத்துவிட்டு ஒதுங்கிய அந்த நிரலர் பாராட்டுக்குரியவர்.

ஐபோனுக்கான ராய்வோ ஓடிபியின் முடிவு வேறு மாதிரி. தனி ஒருவர் உருவாக்கி, நிரலைப் பொதுவில் வைத்து, நல்ல பெயர் வாங்கிய செயலி. 2023-இல் அது வேறொரு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. 2024-இன் நடுவில் வந்த ஒரு அப்டேட்டுக்குப் பிறகு, செயலியைத் திறந்த பலர் தங்கள் எண்கள் மொத்தமும் காணாமல் போயிருப்பதைக் கண்டார்கள். காப்புப்பிரதி வைத்திருந்தவர்கள் தப்பித்தார்கள். மற்றவர்கள் ஒவ்வொரு இணையதளமாகப் போய் நான்தான் என்று நிரூபிக்க வேண்டியதாயிற்று. நம்பிக்கை, எழுதியவர் மேல் வைத்தது. செயலி கைமாறியபோது பெரும்பாலானவர்களுக்கு அந்தச் செய்தியே எட்டியிருக்கவில்லை.

சிம்பிள் மொபைல் டூல்ஸ் என்ற கட்டற்ற செயலித் தொகுப்பும் 2023 இறுதியில் விற்கப்பட்டது. அங்கே உரிமம் கைகொடுத்தது. அதுவரை பங்களித்துவந்தவர்களில் ஒருவர் பழைய நிரலைப் பிரதியெடுத்து ஃபாசிஃபை என்ற பெயரில் தொடர்ந்தார். பெயரை விற்கலாம், கடைக் கணக்கை விற்கலாம். ஏற்கெனவே உலகத்துக்குக் கொடுத்துவிட்ட நிரலைத் திரும்ப வாங்க முடியாது. இருந்தாலும் நிரல் மட்டும் இருந்தால் ஆகாது, அதை எடுத்து நடத்த ஓர் ஆள் வர வேண்டும். அப்படி ஆள் வருவது ஒவ்வொரு முறையும் நடப்பதல்ல.

வருகிற ஆள் நல்லவராகவும் இருக்க வேண்டும். லினக்ஸ் கணினிகள் பலவற்றில் இருக்கும் எக்ஸ்இசட் என்ற, கோப்புகளைச் சுருக்கும் மென்பொருளைத் தனியாகப் பராமரித்து ஓய்ந்திருந்தவருக்கு, ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் உதவ வந்தார். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பொறுமையாக வேலை செய்து பொறுப்பையும் பெற்று, கடைசியில் ஒரு கள்ளக் கதவை உள்ளே வைத்தார். ஆண்ட்ரஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர், உள்நுழைய அரை விநாடி கூடுதலாக ஆகிறதே என்று குடைந்து பார்த்ததால் 2024 மார்ச் 29-ஆம் தேதி உண்மை வெளிப்பட்டது. நிரல் திறந்திருந்ததால்தான் கண்டுபிடிக்க முடிந்தது. ஆனால், களைத்துப்போன ஒரு தன்னார்வலரின் தனிமையைத்தான் தாக்கியவர் வழியாக்கிக்கொண்டார் என்பதையும் மறக்கக் கூடாது. பாதுகாப்புச் செயலியைப் பராமரிப்பவர் உதவிக்கு வரும் கையை வரவேற்கவும் வேண்டும், அது எழுதும் ஒவ்வொரு வரியையும் சந்தேகத்தோடு படிக்கவும் வேண்டும்.

பணம் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் வருவதில்லை. 2014-இல் ஹார்ட்ப்ளீட் ஓட்டை வெளிப்பட்டபோது, இணையத்தின் பெரும்பகுதியைப் பூட்டி வைத்திருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் திட்டத்துக்கு நன்கொடையாக ஆண்டுக்குச் சுமார் 2,000 டாலரே வந்துகொண்டிருந்தது தெரியவந்து உலகம் அதிர்ந்தது. அதன் பிறகு சில பெரிய திட்டங்களுக்கு நிதி கிடைத்தது. சிக்னல் போன்ற செய்திப் பரிமாற்றச் செயலிக்கு அறக்கட்டளை இருக்கிறது; வாட்ஸ்அப்பின் இணை நிறுவனர் பிரையன் ஆக்டன் 2018-இல் 5 கோடி டாலரோடு அதைத் தொடங்கிவைத்தார். ஏஜிஸ் போன்ற சிறிய செயலிகளுக்குச் சேவையகச் செலவு இல்லை என்பது ஒரு ஆறுதல். நேரத்துக்கு மட்டும் யாரும் விலை கொடுப்பதில்லை. இந்தியாவில் ஜெரோதா என்ற பங்குத் தரகு நிறுவனம், தன் தொழிலே கட்டற்ற மென்பொருள்களின் மேல்தான் நிற்கிறது என்று சொல்லி, 2024 அக்டோபரில் ஃப்ளாஸ் ஃபண்ட் என்ற நிதியைத் தொடங்கியது. உலகெங்கும் உள்ள கட்டற்ற திட்டங்களுக்கு ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் வரை தரும் திட்டம். இந்த மென்பொருள்களால் பிழைக்கும் மற்ற இந்திய நிறுவனங்களும் இந்த வழியில் வர வேண்டும். வாங்கிக்கொண்டே இருப்பது நியாயமல்ல.

அடுத்த சவாலும் வந்து நிற்கிறது. சான்று பெற்ற ஆண்ட்ராய்டு போன்களில், தங்கள் அடையாளத்தைக் கூகுளிடம் பதிவு செய்த நிரலர்களின் செயலிகளை மட்டுமே வழக்கமான முறையில் நிறுவ முடியும் என்ற விதியை 2025 ஆகஸ்டில் கூகுள் அறிவித்தது. 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்தில் தொடங்கி, 2027 முதல் மற்ற நாடுகளுக்கு விரிக்கத் திட்டம். மோசடிச் செயலிகளைக் கட்டுப்படுத்துவது நோக்கம் என்கிறது கூகுள். அந்த நோக்கத்தில் நியாயம் உண்டு. ஆனால், பல நாடுகளில் அடையாளத்தை வெளிக்காட்ட அஞ்சி எழுதும் தன்னார்வலர்களுக்கு இதில் இடம் இருக்காது. இது எங்கள் திட்டத்தையே முடக்கிவிடும் என்று எஃப்-ட்ராய்டு எதிர்த்தது. விவரம் தெரிந்த பயனர்களுக்குத் தனி வழி தருவோம் என்று 2025 நவம்பரில் கூகுள் சற்று இறங்கி வந்தது. பாதுகாப்புச் செயலி எழுதுபவர் இனித் தன் பாதுகாப்பையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

இந்தச் செயலிகள் எல்லாவற்றையும் தடுத்துவிடும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். போலி இணையதளத்தில் ஆறு இலக்கத்தை நாமே தட்டிக் கொடுத்தால், முப்பது விநாடிக்குள் அது மோசடிக்காரரின் கைக்குப் போய்விடும். 2022-இல் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் ஊழியர்கள் சிலர் போலிப் பக்கத்தில் கடவுச்சொல்லைக் கொடுத்தும் நிறுவனம் தப்பியதற்குக் காரணம், அங்கே வன்பொருள் சாவிகள் பயன்பாட்டில் இருந்ததுதான். அவை இணையதளத்தின் முகவரியையும் சேர்த்தே சரிபார்ப்பவை. பாஸ்கீ என்ற பெயரில் அதே நுட்பம் இப்போது போன்களுக்கும் வந்திருக்கிறது. அது எல்லா இடத்துக்கும் வந்து சேரும்வரை, குறுஞ்செய்தியை நம்புவதைவிடச் செயலியின் எண் எவ்வளவோ மேல்.

ஏற்கெனவே இத்தகைய செயலியை வைத்திருப்பவர்கள் இன்றே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. ஏற்றுமதி வசதி இருக்கிறதா என்று அமைப்புகளில் தேடிப் பாருங்கள். இல்லாவிட்டால், அந்தச் செயலி உங்களைக் கட்டிப்போட்டிருக்கிறது என்று பொருள். இருந்தால், கடவுச்சொல்லிட்ட கோப்பாக எடுத்து, வீட்டில் கிடக்கும் பழைய போனில் இறக்கிப் பாருங்கள். இரண்டு போனிலும் ஒரே நொடியில் ஒரே எண் வர வேண்டும். வரவில்லை என்றால் பெரும்பாலும் பழைய போனின் கடிகாரம் பிசகியிருக்கும். தானியங்கி நேரத்தை இயக்கினால் சரியாகிவிடும். க்யூஆர் கோடின் ஸ்கிரீன்ஷாட் கேலரியில் கிடந்தால் அழித்துவிடுங்கள். அந்தப் படத்துக்குள் இருப்பது இரகசியமேதான்.

நன்கொடை கொடுக்க முடிந்தவர்கள் கொடுக்கலாம். தமிழில் மொழிபெயர்க்க நேரம் உள்ளவர்கள், செயலியின் மொழிபெயர்ப்புப் பக்கத்தில் சேரலாம். நிரல் தெரிய வேண்டியதில்லை. பிழை கண்டவர்கள் நட்சத்திரத்தைக் குறைத்து ‘வேலை செய்யவில்லை’ என்று ஒற்றை வரி எழுதுவதற்குப் பதில், போன் மாடல், ஆண்ட்ராய்டு பதிப்பு, செயலியின் பதிப்பு, எந்தப் பொத்தானை அழுத்தியபோது என்ன நடந்தது என்ற நான்கு விவரங்களை நிரலரின் பிழைப் பதிவேட்டில் எழுதலாம். அந்தப் போனைக் கண்ணால் பார்த்திராத நிரலருக்கு, பிழையை நெருங்க இந்த நான்கு வரிதான் வழி.